விலக்கல்ல, வியாதி

சிரஞ்சீவிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். எப்போதும் "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்று தொடங்கி, மழை, மாவடு, உன் அத்தையின் முழங்கால் வலி என்று எழுதி முடித்துவிடுவேன். இந்தத் தடவை அந்த முதல் வரியை விட்டுவிட்டேன். எழுதினால் பொய்யாகிவிடும். அந்த வரியை நம்பித்தான் நீ அவ்வளவு தூரத்தில், வடக்கே இரும்பு ஆலையில், நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் அப்பா போன மாதம் போட்ட கடிதத்தில் அந்த வார்த்தையை எழுதிவிட்டாராம். என்னிடம் சொல்லவில்லை. உன் பதில் வந்த பிறகுதான் தெரிந்தது. "அம்மாவுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் என்னும்போது எனக்கு என்ன கல்யாணம்? தை மாதம் வேண்டாம். அம்மா தேறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் முதலில் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. என்னைக் கேட்காமலே என் உடம்பைச் சாக்காக வைத்து நீங்கள் இரண்டு பேரும் தபாலில் தீர்மானம் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு தாய் மகனுக்கு எழுதுகிற விஷயம் இல்லைதான். ஆனால் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே ஒன்றரை வருஷம் போய்விட்டது. இனிமேலும் கூச்சப்பட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

எனக்கு மாத விலக்கு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை, கொல்லைக்குப் போனபோது சிவப்பாகக் கண்டது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. அத்தையிடம் சொன்னேன். "சில பேருக்கு அப்படித்தான்டி, நின்னுட்டுத் திரும்பி வரும். போய் உட்காரு" என்றாள். உட்கார்ந்தேன். அந்த அறை உனக்குத் தெரியும். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. மூன்று நாள் யாரும் கிட்டே வரமாட்டார்கள், எதுவும் கேட்கமாட்டார்கள். நாலாம் நாள் தலைக்கு ஸ்நானம் செய்துவிட்டு உள்ளே வந்தேன். அதற்குள் ரத்தமும் நின்றிருந்தது. சந்தேகமும் அதோடு நின்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி உட்கார்ந்தேன். மூன்றாவது தடவை வந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றுக்குப் போகும்போது மட்டும்தான் சிவப்பு. மற்ற நேரத்தில் துணியில் ஒரு துளி கிடையாது. ஐந்து பிள்ளை பெற்று, மூன்றைப் பறிகொடுத்து, இரண்டை வளர்த்தவளுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தது. தெரிந்தும் போய் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்பாய். பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், அது பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் சொல்கிறேன், சிரிக்காதே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அகத்தில் மடியாகத் தளிகை பண்ணி, பெருமாளுக்குக் காட்டி, உன் அப்பா கோயிலில் பிரபந்த கோஷ்டி முடிந்து வருவதற்குள் இலை போட்டு வருகிறேன். நாலு வருஷமாக அதில் ஒரு நாள் ஓய்வு இல்லை. விலக்கு திரும்பி வந்ததும் மூன்று நாள் லீவும் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு பழைய வாரப் பத்திரிகைகளைப் படித்தேன். அத்தை தட்டை எட்ட வைத்துவிட்டுப் போவாள். நன்றாகத்தான் இருந்தது.

நீ வேலைக்குப் போகப் புறப்பட்ட அன்றைக்கு நான் அந்த அறையில்தான் இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஆவணி மாதம். நீ முற்றத்தில் நின்று சேவித்தாய். நான் நிலைப்படிக்கு உள்ளேயிருந்து, "போய்ட்டு வா, போய்ச் சேர்ந்ததும் காயிதம் போடு" என்றேன். தயிர்சாதப் பொட்டலத்தை அத்தைதான் உன் கையில் கொடுத்தாள். நீ இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாய். கிட்டே வர ஓர் அடி எடுத்து வைத்தாய். "கிட்ட வராதே" என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு வந்தது விலக்கு இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால், "பின்னே என்ன?" என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததற்காக, பெற்ற பிள்ளையைத் தொடாமல் ஆயிரம் மைலுக்கு அனுப்பினேன். இந்த வியாதியில் எனக்கு வலித்தது எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்த வருஷம் ஆனி மாதம், உன் கல்யாணத்தைப் பேசி முடிக்க நானும் அப்பாவும் சித்தூர் போனோம். உனக்குப் பார்த்த கோமளாவின் அகத்தில் தாம்பூலம் மாற்றியாயிற்று, சாப்பாடும் ஆயிற்று. அதன்பிறகுதான் எனக்கு ஒன்றுக்குப் போக முடியவில்லை. முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டு இறங்கவில்லை. சம்பந்தி வீட்டில் இதை யாரிடம் சொல்வது? நாலு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு, பட்டுப்புடவையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். வேர்த்துக் கொட்டுவதைக் கோமளாதான் பார்த்தாள். "மாமி, உங்களுக்கு என்னமோ பண்றது. சொல்லுங்கோ" என்றாள். சொல்லிவிட்டேன். அவள் யாரிடமும் கலந்து பேசவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த லேடி டாக்டரைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

அந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. ரப்பர் குழாயைப் போட்டதும் ரத்தக் கட்டியும் மூத்திரமுமாக ஒரு பேசின் நிறைந்தது. அந்தப் பேசினைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கோமளா. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "என்னாள்ள நுஞ்சி அம்மா?" என்று கேட்டாள். எத்தனை நாளாக என்று அர்த்தம். நான் விலக்கு, அறை, மூன்று நாள் என்று கதை சொல்ல ஆரம்பித்தேன். கையமர்த்திவிட்டு, "எக்கட நுஞ்சி? எங்கேயிருந்து வருது, அது பார்த்தீங்களா?" என்றாள். ஒன்றரை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவள் அவள்தான். அவ்வளவு சின்னக் கேள்வி. மறுநாளே வேலூருக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் முதுகில் ஓர் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே இருந்தது யாருடைய கால் என்றே தெரியவில்லை. முனையில் விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பையைச் சுற்றிலும் பார்த்தார்கள். கோழிக்கொண்டைப் பூ மாதிரி ஒன்று முளைத்திருந்ததாம். அதில் துளி கிள்ளிப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, மீதியை மின்சாரத்தால் அங்கேயே சுட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கருகின வாசனை மாதிரி ஏதோ வந்தது, அவ்வளவுதான். குழாயோடு மூன்று நாள் கிடந்தேன். கட்டிலடியில் கண்ணாடி ஜாடி. போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் என் மூத்திரம் காட்சி. முதல் நாள் வெட்கத்தில் புடவைத் தலைப்பை எடுத்து ஜாடிமேல் போட்டேன். நர்ஸ் வந்து எடுத்துவிட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் குப்பம்மா என்று ஒருத்தி. நகரிப் பக்கத்துக் கிராமம், சொந்த நிலத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். மூத்திரப்பையில் கல், ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி குமாஸ்தா அவளிடம் எந்த ராஜ்யம், மெட்ராஸா ஆந்திராவா என்று கேட்டபோது, "அதைத்தான் இன்னும் பேசிக்கினு கீறாங்களே! நீ ஊரு பேரை எய்து, மீதி அப்பால பாத்துக்கலாம்" என்றாள். என் ஜாடியைத் தினமும் காலையில் எட்டிப் பார்த்துச் சேதி சொல்வது அவள்தான். "நேத்து நாவாப்பயம், இன்னிக்கு மாதுளம்பயம். நாளைக்கு மோரு கலருக்கு வந்துடும் பாரு அய்யிரம்மா." அந்த வாயாடிதான் என்னைச் சிரிக்க வைத்தாள். இரண்டாம் நாள் முழுக்கதையும் கேட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒன்ற வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"விலக்குன்னு உட்கார்ந்திண்டிருந்தேன்."

"மூக்குல ரத்தம் வந்தா தூரம்னு குந்துவியா? எங்க வருதுன்னு பாக்க மாட்ட?"

"அதெல்லாம் நாங்க பார்க்கறதில்லை."

"பாக்காத நீ இன்னாத்துக்கு படிச்ச?" என்றாள். வாரப் பத்திரிகை படிப்பதைத்தான் அவள் படிப்பு என்று நினைத்தாள்.

ஒரு வாரம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் உன் அப்பாவை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. அப்பா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். எந்தெந்தக் கிராமம் மெட்ராஸுக்கு, எது ஆந்திராவுக்கு என்று பக்கம் முழுக்க அதுதான். "என்ன சொன்னார்?" என்றேன். "புண்ணாம். ஆறிடுமாம்" என்றார். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தால்கூட நான் அவ்வளவு நிச்சயமாகக் கண்டுபிடித்திருக்கமாட்டேன். ஒரே பத்தியை அரை மணி நேரம் படித்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. மறுநாள் டாக்டர் வந்தபோது நானே கேட்டேன். "நேக்குத்தானே வியாதி? நேக்குச் சொல்லுங்கோ." அவர் நர்ஸைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "புத்துநோய்தாம்மா. ஆனா மேலாகத்தான் இருக்கு, பையோட சதைக்குள்ள இறங்கலை. முளைச்சதைச் சுட்டாச்சு. இது திரும்பத் திரும்ப முளைக்கிற ஜாதி. அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். முளைச்சா, சின்னதா இருக்கும்போதே சுட்டுடலாம். வராம இருந்துட்டாத்தான் ஆபத்து" என்றார். எதனால் வந்தது என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எத்தனை வருஷம் என்று கேட்டேன். அதையும் சொல்ல முடியாது, நிறைய பேர் நன்றாக இருக்கிறார்கள் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மனுஷனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த வார்த்தையைக் கேட்டதும் இடி விழுந்தது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. சாயந்திரம் காபி வந்தது, குடித்தேன். இரண்டு நாள் கழித்துத் தலைவாரிக்கொள்ளும்போது திடீரென்று சீப்பு கை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. அன்றைக்கு அழுதேன். குப்பம்மா வந்து மிச்சத் தலையை வாரிப் பின்னிவிட்டாள். இப்படித்தான், நினைக்காத நேரத்தில் வரும், போய்விடும். இப்போதும் வருகிறது. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. மடியில் இருக்கும்போது கொல்லைக்குப் போனால் மறுபடி கால் கழுவி, புடவை மாற்றி என்று ஆயிரம் இருப்பதால், தளிகை முடிகிறவரை ஒரு வாய் ஜலம் குடிக்காமலே பழகிவிட்டேன். இப்போது ஒரு கூஜாவை எடுத்து வைத்துக்கொண்டு கஷாயம் மாதிரி குடிக்கிறேன்.

புரட்டாசியில் இரண்டாவது தடவை போனேன். பயந்தபடியே இரண்டு சின்ன முளை. கடுகு அளவு என்றார்கள். சுட்டார்கள். முதல் தடவையைவிட இந்தத் தடவை எனக்கு மனசு விட்டுப்போயிற்று, அதை மறைப்பானேன். ஒரு தரம் சுட்டால் போச்சு என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது. காட்பாடியிலிருந்து ரயிலேறி வீடு வந்து சேர்ந்தபோது உடம்பு துவண்டுவிட்டது. ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது, பத்து நாள் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உள்ளே நுழைந்தால், கொல்லைப்புறத்து அறையில் பாய் விரித்து, தட்டும் சொம்பும் தயாராக வைத்திருக்கிறாள் உன் அத்தை.

"இது விலக்கு இல்லை, அக்கா. புண்ணு. மூக்கிலே ரத்தம் வந்தா உட்காரச் சொல்வேளா?" என்றேன். குப்பம்மாவின் வார்த்தையைத் திருடித்தான் சொன்னேன்.

"மூக்கும் அதுவும் ஒண்ணாடி? அகத்திலே பெருமாள் எழுந்தருளியிருக்கார்" என்றாள். அவளைக் குறை சொல்லாதே. சின்ன வயசில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்து, இந்த ஆசாரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றவள்.

உன் அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். அவர் என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கைங்கர்யத்துக்குப் போகிறவர். ஊரில் நாலு பேர் கேட்டால் பதில் சொல்லவேண்டியவர். என்னைப் பார்த்து, "எங்கேர்ந்து வரதுன்னு டாக்டர் கண்ணால பார்த்தாரோல்லியோ?" என்றார்.

"பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார்."

"அப்பறம் என்ன? ஸ்நானம் பண்ணிட்டுத் தளிகையைப் பாரு. நேக்குக் கோஷ்டிக்கு நாழியாயிடுத்து."

இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சந்தோஷத்தில் அடுக்களைப் பக்கம் இரண்டு அடி வைத்தும்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஜெயித்ததற்குப் பரிசு, அடுப்பு! கால் நிற்கவில்லை, அடிவயிறு எரிகிறது. அப்போது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். "என்னால முடியலை. தீட்டு இல்லை. உடம்பு முடியலை. நான் படுத்துக்கப் போறேன்." சொல்லிவிட்டுக் கூடத்து நடுவில், எல்லாரும் நடக்கிற இடத்தில், பாயைக் கொண்டுவந்து போட்டுப் படுத்துவிட்டேன். மடி கெட்டுவிட்டதென்று அத்தை அடுக்களைப் பக்கம் போகாமல் ஓரமாக ஒதுங்கி நடந்தாள். உன் அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அன்றைக்குப் பெருமாளுக்குக் குழைந்த சாதமும் உப்பில்லாத சாத்துமுதும்தான். கோஷ்டிக்கும் போகவில்லை. நான் அப்படித் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன்? நீயும் குடித்தனம் பண்ணப் போகிறாய். கோமளா விலக்கென்று உட்காருவாளோ மாட்டாளோ, அது உங்கள் அகத்துச் சமாசாரம். நான் தலையிடமாட்டேன். உட்கார்ந்தாலும் சரி, உட்காராவிட்டாலும் சரி, நீ போய், "என்ன பண்றது உனக்கு?" என்று கேள். அவள் ஒன்றுமில்லை என்றால் இரண்டாம் தரம் கேள். உன் அப்பா நல்ல மனுஷர், ஆனால் ஒன்றரை வருஷமாக அதை ஒரு தரமும் கேட்கவில்லை. நானும் அவர் கேட்கும்படி நடந்துகொள்ளவில்லை. எங்கள் இரண்டு பேர் தப்பும் அதில் சரிபாதி. உன் உடம்பிலும் இப்படி ஏதாவது கண்டால், வலிக்கவில்லையே என்று சும்மா இருக்காதே. வலி இல்லாமல்தான் எனக்கு வந்தது.

இப்போது கல்யாண விஷயம். அடுத்த தடவை வேலூர் போகவேண்டியது மார்கழிக் கடைசியில். முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருக்கும். அத்தை ஒரு யோசனை சொல்கிறாள். ஆஸ்பத்திரியைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள், இல்லாவிட்டால் மணையில் தாயார் ஸ்தானத்தில் உறவில் வேறொரு சுமங்கலி நின்று நடத்தட்டும், ரத்தம் கசிந்துகொண்டு நீ நிற்கக்கூடாது என்கிறாள். நீ கல்யாணத்தையே தள்ளிப்போடு என்கிறாய். இரண்டும் வேண்டாம். குறித்த நாளில் நான் வேலூர் போவேன். முளைத்திருந்தால் சுட்டுக்கொண்டு வருவேன். நீ காத்திருக்கச் சொல்கிற "தேறின பிறகு" என்கிற நாள் எனக்குக் கிடையாது, தெரிந்துகொள். மூன்று மாதம், மூன்று மாதம் என்றுதான் இனி என் வருஷம் நகரும். நடுவில் வருகிற நாட்களில்தான் கல்யாணம், சீமந்தம், பேரன் பேத்தி எல்லாம் நடந்தாகவேண்டும். தேதியை மாற்றாதே. பேசின் பிடித்த பெண்ணைக் காக்கவைக்காதே.

அத்தையிடம் நான் சொல்லிவிட்டேன், உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். ரத்தம் கசிந்தாலும் கசியாவிட்டாலும், உன் கல்யாணத்தில் நான் உன் பக்கத்தில் இருப்பேன். நிற்க முடியாவிட்டால் ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்காருவேன். நீ செய்யவேண்டியது ஒன்று உண்டு. முகூர்த்தத்தன்று காலை என்னைப் பார்த்ததும், கூட்டத்துக்கு நடுவிலேயே, "எப்படிம்மா இருக்கே?" என்று கேள். வலித்தால், வலிக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொல்வேன். அதற்குப் பிறகு நீ போய் மாலையைப் போட்டுக்கொள்.